புல்லுக்கு முன் கோரை: புல்தரைக்கு நிலம் திருத்துவதில் நேரும் தவறுகள்

வீடு கட்டி முடிந்ததும் முன்பக்கத்து மேடுபள்ளத்தைப் புல்தரையாக்கிவிட ஆசை வருகிறது. சுழலும் கத்தியால் மண்ணைக் கிளறும் பவர் வீடர் இயந்திரம் மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கிறது. காலையில் ஓட்டி, மதியம் மட்டம் பார்த்து, மாலையில் புல் பதித்துவிடலாம் என்று கணக்குப் போடுகிறோம். தவறு அந்தக் கணக்கிலேயே தொடங்குகிறது.

நானும் அப்படித்தான் மாட்டிக்கொண்டேன். என் மனையில் ஒரு மூலையில் மட்டும்தான் கோரை இருந்தது. அதன் மேலேயே இயந்திரத்தை ஓட்டினேன். மறு மாதம் எங்கு பார்த்தாலும் கோரை. அது பெரும்பாலும் கிழங்கால் பரவும் களை. மண்ணுக்குள் கிழங்குகள் மெல்லிய தண்டுகளால் சங்கிலிபோல் கோத்துக் கிடக்கின்றன. சங்கிலி அறுபடாதவரை அவற்றில் பல முளைக்காமல் உறங்கும். சுழலும் கத்தி அதை அறுத்தால் ஒவ்வொரு கிழங்கும் தனியே முளைக்கத் தொடங்கும். போதாக்குறைக்குக் கத்தியே அவற்றை நிலமெங்கும் இறைத்தும் விடுகிறது. அருகம்புல்லின் தண்டும் துண்டுக்குத் துண்டு வேர்விடும். அருகம்புல்லையே புல்தரையாக வளர்ப்பவருக்கு அது லாபம். கொரியன் புல் பதிப்பவருக்குத் தலைவலி.

ஆகவே கோரை இருக்கும் இடத்தில் முதலில் மண்வெட்டிதான் இறங்க வேண்டும். பங்குனி, சித்திரை வெயிலில் கொத்திப் புரட்டி, கிடைத்த கிழங்குகளைப் பொறுக்கிவிட்டு மண்ணைக் காயப் போடுங்கள். மேலே கிடக்கும் கிழங்கு காய்ந்து செத்துவிடும். பிறகு தண்ணீர் விட்டு இரண்டு வாரம் காத்திருந்தால் தப்பியவை தலைகாட்டும். அவற்றைக் கிழங்கோடு தோண்டி எடுங்கள். இப்படி இரண்டு மூன்று முறை செய்ய வேண்டியிருக்கும். இவ்வளவு பாடுபட்ட பிறகு, எங்கிருந்தோ வந்த ஒரு லோடு செம்மண்ணையோ மக்காத சாணத்தையோ கொட்டினால் புதுக் களை விதைகள் அதோடு வந்து சேரும்.

கட்டட இடிபாடு இன்னொரு வம்பு. செங்கல் துண்டு, கட்டுக்கம்பி, சென்ட்ரிங் ஆணி எல்லாவற்றையும் பொறுக்காமல் இயந்திரத்தை இறக்கினால் கம்பி கத்தியில் சுற்றிக்கொள்ளும், கல் காலில் தெறிக்கும். சுற்றிய கம்பியை எடுக்க எஞ்சினை நிறுத்தாமல் கை வைக்கவே கூடாது. தண்ணீர்க் குழாய் எங்கே போகிறது என்றும் முன்பே அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். சிமெண்ட், சுண்ணாம்புக் குவியலைப் பரப்பி மூடிவிடுவது வேறொரு தவறு. மண்ணின் காரத்தன்மை ஏறி, புல்லுக்கு இரும்புச்சத்து எட்டாமல் அது மஞ்சளாகவே நிற்கும். அந்தக் குவியலை அள்ளி வெளியே போடுவதைத் தவிர வழியில்லை.

மழை பெய்த மறுநாள் மண் இளகியிருக்கிறது என்று ஓட்டுவதும் பலர் செய்வது. ஈரக் களிமண் கட்டிகட்டியாகப் புரளும், காய்ந்தால் ஓடாகும். கத்திக்குக் கீழே ஒரு கெட்டி அடுக்கும் உருவாகும். ஒரு பிடி மண்ணை உருட்டிக் கட்டைவிரலால் அழுத்துங்கள். உதிர்ந்தால் பதம், பிசைந்த மாவுபோல் நசுங்கினால் இன்னும் காத்திருக்க வேண்டும். ‘அகல உழுவதைவிட ஆழ உழு’ என்பது பயிருக்குச் சரி. புல்லுக்கு 15 செ.மீ. போதும், அதற்கு மேல் போனால் வளமில்லாத அடிமண்தான் மேலே வரும்.

மட்டம் பார்ப்பதில் குளத்து நீர்போல் சமமாக்கிவிடாதீர்கள். வீட்டிலிருந்து வெளிப்புறமாகப் பத்து மீட்டருக்குப் பத்து முதல் இருபது செ.மீ. சரிவு இருக்கட்டும். அஸ்திவாரத்தை ஒட்டி நிரப்பிய மண் நிச்சயம் உட்காரும். நன்றாகத் தண்ணீர் விட்டு, ஓரிரு வாரம் கழித்துப் பள்ளம் விழுந்த இடத்தை நிரப்பிய பிறகே லேசாக ரோலர் உருட்ட வேண்டும். நடந்தால் செருப்புத் தடம் மெல்லப் பதிய வேண்டும். கால் புதைந்தால் மண் இன்னும் அமரவில்லை.

இதெல்லாம் முடிந்து ஆடி, ஆவணிக்குள் புல் பதிந்துவிட்டால் வேர் பிடிக்க நேரம் கிடைக்கும். தாமதமானால் தை வரை பொறுத்திருக்கலாம். புரட்டிப் போட்ட வெறும் மண், ஐப்பசி அடைமழையில் தெருவுக்குப் போய்விடும்.