வெள்ளிக்கிழமை பத்துக்குப் பத்து: கற்றல் அறிவியலை வகுப்புக்குக் கொண்டுவரும்போது நேரும் தவறுகள்

சிங்கப்பூரில் தொடக்கப்பள்ளிப் பிள்ளை இருக்கும் வீடுகளுக்கு இது பழகிப்போன விஷயம். திங்கட்கிழமை பத்துச் சொற்கள் கொண்ட பட்டியல் வரும். வியாழன் இரவு அம்மாவோ பாட்டியோ பக்கத்தில் உட்கார்ந்து நான்கைந்து முறை எழுதவைப்பார்கள். வெள்ளிக்கிழமை சொல்வதெழுதுதலில் பத்துக்குப் பத்து. மூன்று வாரம் கழித்து அதே பிள்ளை கட்டுரையில் 'பழம்' என்பதை 'பளம்' என்று எழுதினால், "கவனமே இல்லை" என்று முடிவுகட்டிவிடுகிறோம்.

கவனத்தில் ஒரு குறையும் இல்லை. வெள்ளிக்கிழமை நாம் அளந்தது வியாழன் இரவின் மிச்சத்தை, அவ்வளவுதான். ராபர்ட் பியோர்க் என்ற அமெரிக்க உளவியலாளர் நெடுங்காலமாகச் சொல்லிவருவதும் இதுதான்: பாடம் நடக்கும்போது பிள்ளை செய்துகாட்டுவது ஒன்று, நாள் கழித்தும் அதனிடம் தங்கியிருப்பது வேறொன்று. முதலாவதைப் பளபளப்பாக்கும் வழிகளில் பல, இரண்டாவதற்கு உதவுவதே இல்லை. மனிதர்கள் எப்படிக் கற்கிறார்கள் என்று ஆராயும் கற்றல் அறிவியலைப் பற்றிப் பயிலரங்கில் கேட்டுவிட்டு உற்சாகமாக வகுப்புக்குத் திரும்பும் ஆசிரியர்கள்கூடச் சறுக்குவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

சொற்பட்டியலைக் கைவிட வேண்டியதில்லை. பழைய சொற்களை மறந்துபோக விடாமல் இருந்தால் போதும். இந்த வாரப் பத்தில் ஏழு புதியவை, மூன்று சென்ற வாரங்களிலிருந்து என்று வைத்துக்கொள்ளலாம். எந்த மூன்று என்று முன்கூட்டியே சொல்லக்கூடாது. எவ்வளவு இடைவெளி விடுவது என்பதற்கு 2008இல் நிக்கலஸ் செபேடா குழுவினர் 1,300க்கும் மேற்பட்டோரிடம் நடத்திய ஆய்வு நல்ல வழிகாட்டி. ஒரு வாரம் கழித்து நினைவில் இருக்க வேண்டுமென்றால் ஒரு நாள் இடைவெளியில் திரும்பப் படித்தவர்கள் மேலாகச் செய்தார்கள். ஏறக்குறைய ஓராண்டு கழித்தென்றால் மூன்று வார இடைவெளி. எவ்வளவு காலம் தங்க வேண்டுமோ அதற்கேற்ப இடைவெளியும் நீள வேண்டும். தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வுக்கு முந்தைய இரண்டு வாரங்களில் எல்லாவற்றையும் திணிக்கும் 'தீவிரப் பயிற்சி'கள் தேர்வு நாளைத் தாண்டி ஏன் நிற்பதில்லை என்பதும் இதிலேயே இருக்கிறது.

நினைவுகூர்தல் வேறு, மதிப்பெண் வேறு

ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்ப்பிக்கும் 2006இல் வெளியிட்ட ஆய்வை இன்று பல ஆசிரியர்கள் அறிவார்கள். மாணவர்களுக்கு ஓர் உரைப்பகுதி கொடுக்கப்பட்டது. ஒரு பிரிவு அதை மறுபடி படித்தது. இன்னொன்று புத்தகத்தை மூடிவிட்டு நினைவில் இருந்ததை எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துப் பார்த்தால் மறுபடி படித்தவர்களே முன்னிலை: 81க்கு 75 விழுக்காடு. ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ். எழுதிப் பார்த்தவர்களுக்கு 56, படித்தவர்களுக்கு 42.

இதைக் கேட்டதும் "அப்படியானால் தேர்வுகளைக் கூட்டுவோம்" என்று கிளம்புவதுதான் தவறு. இங்கே இது கொஞ்சம் நுட்பமான விஷயமும்கூட. தொடக்கநிலை 1, 2 மாணவர்களுக்கு மதிப்பெண் கணக்கில் சேரும் தேர்வுகள் 2019 முதல் இல்லை. அரையாண்டுத் தேர்வுகளும் 2023க்குள் தொடக்கநிலை, உயர்நிலை வகுப்புகள் எல்லாவற்றிலிருந்தும் எடுக்கப்பட்டுவிட்டன. பரீட்சை இல்லாமல் பிள்ளை எப்படிப் படிக்கும் என்று கவலைப்படும் பெற்றோருக்குத் துணைப்பாட நிலையங்கள் மாதிரித் தேர்வு நடத்திக் கொடுக்கின்றன. இந்த ஆய்வை அதற்கு ஆதாரமாகக் காட்டுவது பொருந்தாது. பலன் வந்தது நினைவிலிருந்து எடுத்ததால். மதிப்பெண்ணுக்கு அதில் வேலையே இல்லை. வகுப்பு தொடங்கியதும் வெற்றுத்தாளில் "சென்ற செவ்வாய் என்ன பார்த்தோம், மூன்று வரி எழுதுங்கள்" என்றால் அதுவும் நினைவுகூர்தல்தான். எழுதியபின் புத்தகத்தைத் திறந்து அவர்களே சரிபார்க்க வேண்டும். சரிபார்க்காமல் விட்டால் தப்பான விடை அப்படியே உட்கார்ந்துவிடும்.

கேள்வி கேட்டுக் கை உயர்த்தச் சொல்வதும் நினைவுகூரவைப்பதுதானே என்பார்கள். நினைவுகூர்வது கை உயர்த்தும் அந்த மூன்று பேர் மட்டும்தான். மற்றவர்கள் அவர்களுக்காகக் காத்திருக்கப் பழகிவிடுகிறார்கள். ஆளுக்கொரு சிறு வெண்பலகை கொடுத்து எல்லாரையும் எழுதித் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். தொடுதிரைப் புதிர்ப்போட்டியைவிட இது மலிவு. விரல் வேகமும் இதில் கணக்கில் வராது.

ஒரே வகைக் கேள்விகளால் நிறைந்த பயிற்சித்தாள்

வேற்றுமை உருபுகளுக்கான பயிற்சித்தாள் ஒன்றை எடுத்துப் பாருங்கள். தலைப்பு 'இரண்டாம் வேற்றுமை'. கீழே பத்து வாக்கியங்கள், பத்துக்கும் விடை 'ஐ'. மூன்றாவது வாக்கியத்துக்குப் பிறகு எந்தப் பிள்ளையும் வாக்கியத்தைப் படிப்பதில்லை, கோடிட்ட இடத்தை மட்டும் தேடிப்போய் நிரப்புகிறது. தாள் முழுக்கச் சரி. தேர்வுத்தாளில் "மாலா தன் தம்பி____ப் புத்தகம் கொடுத்தாள்" என்று தனியாக வரும்போது 'தம்பியை' என்று எழுதுகிறது. எந்த உருபு என்று தேர்ந்தெடுக்கும் வேலையை அது ஒருமுறைகூடச் செய்து பார்த்ததில்லையே!

கணக்கிலும் இதே கதைதான். டக் ரோரரும் கெல்லி டெய்லரும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே வகைக் கணக்குகளை அடுத்தடுத்துச் செய்தவர்கள் பயிற்சியின்போது 89 விழுக்காடு எடுத்தார்கள். கலந்து செய்தவர்களுக்கு 60தான். ஒரு வாரம் கழித்து நடந்த தேர்வில் முன்னவர்களுக்கு 20, பின்னவர்களுக்கு 63. பயிற்சியில் கிடைத்த அந்த 89ஐ மட்டும் பார்க்கும் எந்த ஆசிரியரும் தன் பாடம் பிரமாதமாகப் போனதாகத்தான் நினைப்பார்.

ஆகவே ஐ, ஆல், கு, இல் எல்லாம் கலந்த தாளைக் கொடுங்கள். ஆனால் முதல் நாளே வேண்டாம். புதிய உருபு அறிமுகமாகும்போது ஒரே வகையில் நாலைந்து வாக்கியம் தேவைதான். இன்னொன்று, ஒன்றோடொன்று குழம்பக்கூடியவற்றைத்தான் கலக்க வேண்டும். ல, ள, ழ ஒலிவேறுபாட்டுச் சொற்களை ஒரே தாளில் கலப்பதில் அர்த்தம் இருக்கிறது. பழமொழியோடு வேற்றுமையைக் கலப்பதால் என்ன கிடைக்கப்போகிறது?

கலந்து கொடுத்தால் முதலில் மதிப்பெண் குறையும் என்று பெற்றோரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவதும் முக்கியம். "போன வாரம் வரைக்கும் பத்து வாங்கினான், இப்ப ஆறுதான் வாங்குறான், என்னாச்சு டீச்சர்?" என்ற குறுஞ்செய்தி கட்டாயம் வரும்.

கருத்தறிதல் வெறும் திறன்தானா?

எனக்கு அதிகம் உறுத்தும் தவறு இது. கருத்தறிதலில் பிள்ளை தடுமாறினால் இன்னும் பத்துக் கருத்தறிதல் பகுதிகளைக் கொடுக்கிறோம். 'முக்கியக் கருத்தைக் கண்டுபிடி', 'கேள்வியில் உள்ள சொல்லைப் பகுதியில் தேடு' என்று உத்தி சொல்லித் தருகிறோம். அந்த உத்திகள் ஓரளவு உதவும், சீக்கிரமே தீர்ந்தும் போகும்.

அமெரிக்காவில் டோனா ரெக்ட், லாரன் லெஸ்லி இருவரும் 1988இல் செய்த ஆய்வு ஒன்று உண்டு. பேஸ்பால் ஆட்டம் ஒன்றை விவரிக்கும் பகுதியைப் பிள்ளைகளிடம் கொடுத்தார்கள். வாசிப்பில் பின்தங்கியவர்களானாலும் பேஸ்பால் தெரிந்தவர்கள் பகுதியை நன்றாக விளங்கிக்கொண்டார்கள். நன்றாக வாசிக்கத் தெரிந்தும் ஆட்டம் தெரியாதவர்கள் அவர்களுக்குப் பின்னால்தான் வந்தார்கள். பொருளறிவு இருந்தால்தான் வாசிப்புத் திறன் வேலை செய்கிறது.

இப்போது நம் வகுப்பை நினைத்துப் பாருங்கள். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சிங்கப்பூர் இந்தியர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் வீட்டில் அதிகம் பேசுவது ஆங்கிலம். ஈசூனில் பதினோராம் மாடியில் வளரும் பிள்ளையின் கையில் ஏர், களத்துமேடு, வைக்கோல்போர் எல்லாம் வரும் பொங்கல் பகுதியைக் கொடுத்துவிட்டு, "ஏன் புரியவில்லை?" என்கிறோம். மனிதர்கள் ஒரே நேரத்தில் மனத்தில் ஏந்தி வைத்துக்கொள்ளக்கூடியவை ஏறக்குறைய நான்கு என்று உளவியலாளர் நெல்சன் கோவன் 2001இல் கணித்தார். எழுத்தைக் கூட்டி வாசிப்பதிலேயே அந்த இடம் நிரம்பிவிடுகிற பிள்ளைக்கு, அதன்மேல் தெரியாத உலகமும் சேர்ந்தால் கருத்துக்கு எங்கே இடம்?

பொங்கலை விட்டுவிடச் சொல்லவில்லை. பகுதியைத் திறப்பதற்கு முன் பத்து நிமிடம் அதைப் பற்றிப் பேசுங்கள். ஒரு படம், ஒரு காணொளித் துண்டு, நாலு சொற்கள் போதும். அதே பொருளில் அடுத்தடுத்து இரண்டு மூன்று பகுதிகளைப் படிப்பது இன்னும் நல்லது. முதல் பகுதியில் கற்ற சொல் இரண்டாவதில் கைகொடுக்கும். வாரம் ஒரு பொருள் என்று தாவும் பயிற்சி நூல்கள் இதற்குத் தோதாக இல்லை என்பது என் எண்ணம்.

திரையில் முழுப் பத்தியையும் போட்டுவிட்டு அதையே வாய்விட்டு வாசிப்பதும் இதே இடநெருக்கடியைத்தான் கூட்டுகிறது. கண் ஒரு வேகத்தில், காது இன்னொரு வேகத்தில். படத்தைப் போட்டுவிட்டுப் பேசுங்கள், அல்லது பத்தியைப் போட்டுவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருங்கள்.

'இவன் பார்த்துக் கற்பவன்'

இதைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். பிள்ளைகளைப் பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர், செய்து கற்பவர் என்று பிரித்து அதற்கேற்பக் கற்பித்தால் பலன் கூடும் என்பதற்குத் தக்க சான்று இல்லை என்று ஹெரால்ட் பாஷ்லர் குழுவினர் 2008இல் எழுதிவிட்டார்கள். ஆனாலும் 2012இல் வெளியான ஓர் ஆய்வில் பிரிட்டிஷ் ஆசிரியர்களில் 93 விழுக்காட்டினர் அதை நம்பினார்கள். எந்த வழியில் கற்பிப்பது என்பதை முடிவுசெய்ய வேண்டியது பாடப்பொருள். ழகரத்தை எல்லாப் பிள்ளையும் காதால் கேட்டாக வேண்டும். நீர்ச்சுழற்சிக்கு எல்லாப் பிள்ளைக்கும் படம் வேண்டும். பார்த்துக் கற்பவன் என்று பெயர் வாங்கிய பையனைக் கேட்டல் பயிற்சியிலிருந்து ஒதுக்கினால் நட்டம் அவனுக்குத்தான்.

தோல்வியோடு விட்டுவிடுவது

'பயன்தரும் தோல்வி' நம் ஊரில் உருவான கருத்து. பின்னர் ஸூரிக்குக்குச் சென்ற ஆய்வாளர் மனு கபூர், இங்கே தேசியக் கல்விக் கழகத்தில் இருந்தபோது உயர்நிலை மாணவர்களிடம் சோதித்து வளர்த்தது. கற்றுக்கொடுப்பதற்கு முன்பே ஒரு கடினமான கேள்வி. உதாரணமாக, பல ஆண்டுக் கோல் கணக்கைக் கொடுத்து, எந்தக் காற்பந்து வீரர் சீராக ஆடுகிறார் என்று அளக்க மாணவர்களே வழி கண்டுபிடிக்க வேண்டும். பெரும்பாலும் சரியான விடை வராது. பிறகு ஆசிரியர் அவர்களுடைய வழிகளையெல்லாம் எடுத்து, எது எங்கே நிற்கிறது, எங்கே விழுகிறது என்று பிரித்துக்காட்டி, எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு விலகிச் சிதறுகின்றன என்று அளக்கும் திட்டவிலக்கத்தைக் கற்பிப்பார்.

தவறு எங்கே நடக்கிறது என்றால், முதல் பாதியோடு மணி அடித்துவிடுகிறது. குழுவாக உட்கார்ந்து திணறியதும் சுவரில் ஒட்டிய அட்டைகளும்தான் மிச்சம். இரண்டாம் பாதி இல்லையென்றால் அது வெறும் தோல்வி. நேரம் போதாது என்று தெரிந்தால் தொடங்காமலிருப்பதே மேல்.

எல்லாவற்றுக்கும் இது பொருந்தாது என்பதையும் சொல்ல வேண்டும். முன்னறிவை வைத்துக்கொண்டு ஏதாவது முயன்று பார்க்க முடிகிற கேள்வியாக இருக்க வேண்டும். 'மரம்' என்பதில் எந்த ரகரம் என்பதை யாரும் யோசித்துக் கண்டுபிடிக்க முடியாது, சொல்லிக் கொடுத்துவிட வேண்டியதுதான். ஒன்றுமே தெரியாத நிலையில் இருப்பவருக்குப் படிப்படியாகச் செய்துகாட்டிய எடுத்துக்காட்டு நன்றாக உதவுகிறது என்பதை கல்வி உளவியலாளர் ஜான் ஸ்வெல்லர் வழிவந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஓரளவு தேறியவருக்கு அதே எடுத்துக்காட்டு இடைஞ்சலாகிவிடுகிறது. ஒரே வகுப்பில் இரண்டு வகையினரும் இருப்பார்கள். ஆகவே எடுத்துக்காட்டின் கடைசிப் படியை முதலில் நீக்கி, அப்புறம் அதற்கு முந்தைய படியை நீக்கி, மெல்ல மெல்ல அவர்கள் கைக்கு மாற்றிவிடுவது நடைமுறையில் எளிது.

எதையாவது முயன்று பார்க்க விரும்பினால் ஒரு வகுப்பு, ஒரு பாடப்பகுதி, ஒரு மாற்றம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து உத்திகளை ஒரே தவணையில் கொண்டுவந்தால் எது உதவியது என்று யாருக்கும் தெரியாது. அளப்பதைப் பாடம் முடிந்த அன்று செய்ய வேண்டாம். மூன்று வாரம் கழித்து, முன்னறிவிப்பு இல்லாமல், ஐந்து கேள்விகள். பக்கத்து வகுப்பு ஆசிரியரும் ஒத்துக்கொண்டால் அதே ஐந்தை அங்கேயும் கேட்டுப் பாருங்கள். அந்த மதிப்பெண்ணை எந்தப் பதிவேட்டிலும் ஏற்ற வேண்டாம், வீட்டுக்கும் அனுப்ப வேண்டாம்.