பழைய ஆங்கில என்கிரேவிங், அதாவது உலோகத் தகட்டில் செதுக்கித் தாளில் அச்சடித்த படம், கையில் கிடைத்தால், அதை வரைந்தவரைக் கண்டுபிடிப்பது எப்படி?

லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் ஒரு பளிங்குச் சிலை இருக்கிறது. முதலையின் முதுகில் கை ஊன்றி, கால்களை மேலே தூக்கித் தலைகீழாக நிற்கிறான் ஒரு வித்தைக்காரன். ரோமானியர் காலத்துச் சிலை, சார்ல்ஸ் டவுன்லி சேர்த்து வைத்திருந்தவற்றில் ஒன்று. அவர் இறந்த பிறகு 1805-ல் அவருடைய சிலைகளை 20,000 பவுண்டு கொடுத்து மியூசியத்துக்காக வாங்கினார்கள். எகிப்தின் தெந்தைரா ஊர்க்காரர்கள் முதலைகளோடு ரோமுக்கு வந்து, குளத்திலிருந்து அவற்றை வலையில் இழுத்து மேட்டில் போட்டுக் காட்டிவிட்டு மறுபடி தண்ணீருக்குள் இழுத்துப் போவார்கள் என்று பழங்காலக் கிரேக்க எழுத்தாளர் ஸ்ட்ராபோ எழுதி வைத்திருக்கிறார். அந்த ஆட்களைத்தான் இந்தச் சிலை காட்டுகிறது என்று பலர் சொல்வது அதனால்தான்.

இந்த மாதிரிச் சிலைகளைத் தாளில் அச்சடித்த பழைய ஆங்கிலப் படங்கள் ஏலத்திலும் பழைய புத்தகக் கடைகளிலும் இன்றைக்கும் கிடைக்கின்றன. வாங்குகிறவர்கள் படத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். நீங்கள் முதலில் ஓரத்தைப் பாருங்கள், படத்தின் கீழ் விளிம்பை ஒட்டிப் பொடி எழுத்தில் இரண்டு பெயர்கள் இருக்கும். இடது பக்கப் பெயருக்குப் பின்னால் 'டெல்' (del.) என்று இருந்தால் அவர் வரைந்தவர். வலது பக்கம் 'ஸ்கல்ப்' (sculp.) என்று இருந்தால் அவர் தகட்டில் செதுக்கியவர். இரண்டும் லத்தீன் சொற்களின் சுருக்கம். 'பின்க்ஸ்' (pinx.) என்றால் வண்ண ஓவியமாகத் தீட்டியவர், 'எக்ஸ்க்' (exc.) என்றால் பெரும்பாலும் வெளியிட்டவர். விற்கிறவர்கள் செதுக்கியவரை ஓவியர் என்று எழுதிவிடுவதை அடிக்கடி பார்க்கிறேன், அதை நம்பாதீர்கள்.

இடது பக்கம் எச். கார்போல்ட் என்று இருந்தால் அவர் ஹென்றி கார்போல்ட். 1787-ல் பிறந்து 1844-ல் இறந்தவர், ஏறக்குறைய முப்பது வருடம் பிரிட்டிஷ் மியூசியத்தின் பழைய சிலைகளை உட்கார்ந்து உட்கார்ந்து வரைந்தவர். அந்தப் படங்கள் வந்த மியூசியத்தின் புத்தகத் தொகுதிகள் 1812-லிருந்து 1861 வரை வெளிவந்தன. தொடக்கத்தில் அதற்கு வரைந்தவர் வில்லியம் அலெக்சாண்டர், பிரிட்டிஷ் தூதர் மெக்கார்ட்னியின் குழுவோடு 1792-ல் சீனாவுக்குப் போய் வந்த அதே ஓவியர். கார்போல்டின் பெயர் பலருக்குத் தெரியாது, ஆனால் 1840-ல் வந்த உலகின் முதல் தபால் தலையான பென்னி பிளாக்கில் இருக்கும் ராணி விக்டோரியாவின் தலை, பதக்கம் செதுக்குபவரான வில்லியம் வயன் செய்த பதக்கத்தைப் பார்த்து இவர் வரைந்து கொடுத்ததிலிருந்து செதுக்கப்பட்டதுதான். சிலையின் வளைவைக் கோட்டில் கொண்டுவரப் பழகிய கை அது. இப்படிப்பட்டவரின் பெயர் ஒரு பொடி எழுத்தோடு காணாமல் போவது எனக்குப் பொறுக்கவில்லை.

சரி, பெயர் தெரிந்துவிட்டது. படம் அசல் அச்சா, பிற்காலத்து நகலா என்று எப்படித் தெரியும்? நகைக்கடைக்காரர் கண்ணில் வைக்கும் பத்து மடங்கு லூப் ஒன்று போதும். அசல் என்கிரேவிங்கில் கோடு மெல்லத் தொடங்கி, தடித்து, மறுபடி மெலிந்து முடியும், தசையின் உருண்டையைப் பின்பற்றி வளைந்து போகும். சீரான வரிசையில் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் அது புகைப்பட முறையில் அச்சிட்ட நகல். அடுத்து, தாளைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். ஈரத் தாளைத் தகட்டோடு சேர்த்து உருளையில் அழுத்தி அச்சடித்ததால், தகட்டின் விளிம்பு பதிந்த பள்ளம் படத்தைச் சுற்றித் தெரியும். புத்தகத்துக்காகத் தாளை வெட்டியபோது அது போயிருக்கவும் கூடும், அதனால் பள்ளம் இல்லை என்பதற்காக உடனே ஒதுக்கிவிட வேண்டாம்.

தாளை வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்தால் நீர்க்குறி, அதாவது தாள் செய்யும்போதே அதற்குள் பதிந்த அடையாளம், தெரியலாம். 'வாட்மேன்' (Whatman) என்ற தாள் தயாரிப்பாளரின் பெயரும் வருடமும் இருந்தால் அச்சு அந்த வருடத்துக்கு முன்னால் நடந்திருக்காது, பின்னால் எப்போது வேண்டுமானாலும் நடந்திருக்கலாம். படத்துக்குக் கீழேயே வெளியிட்ட நாளும் பெயரும் இருந்தால் இன்னும் நல்லது. 1735-ல் வந்த ஆங்கிலச் சட்டப்படி பதிப்புரிமை வேண்டுமென்றால் தகட்டிலேயே அவற்றைப் பொறிக்க வேண்டியிருந்தது. தகடு செம்பா எஃகா என்பதும் காலத்தைச் சொல்லும், எஃகு 1820-களில்தான் பரவியது, அதன் கோடுகள் மிக நெருக்கமாகவும் கொஞ்சம் வெளிறியும் இருக்கும்.

இன்னொரு சோதனை எனக்கு ரொம்பப் பிடித்தது. சிலையின் புகைப்படத்தைப் பக்கத்தில் வைத்து இடம் வலம் ஒப்பிடுங்கள். தகட்டில் இருப்பது அச்சில் திரும்பி விழும் என்பதால் செதுக்குபவர் இடம் வலம் மாற்றிச் செதுக்க வேண்டும். இன்னொரு அச்சைப் பார்த்து அவசரத்தில் நகல் எடுத்தவர்கள் அதைச் செய்யாமல் விட்டிருப்பார்கள், முதலையின் தலை எதிர்ப்பக்கம் திரும்பியிருக்கும்.

அப்புறம், படத்துக்கு ஃபிரேம் போடக் கொடுக்கும்போது ஓரத்தை வெட்டக் கூடாது என்று வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள். ஒரு கடையில் நான் சொல்லாமல் விட்டதால் 'அழகாக இருக்கட்டும்' என்று என் படத்தின் ஓரத்தை வெட்டிவிட்டார்கள், இரண்டு பெயரும் போய்விட்டன. செல்லோடேப், ஃபெவிகால் எதுவும் வேண்டாம். அமிலம் இல்லாத அட்டையில் மாவுப் பசை தடவிய சிறு தாள் கீல்களால் மேல் விளிம்பில் மட்டும் தொங்கவிடச் சொல்லுங்கள். வெயில் படாத சுவரில் மாட்டுங்கள். பழுப்புப் புள்ளிகள் இருந்தால் நீங்களே தண்ணீர் தொட்டுத் துடைக்க வேண்டாம்.