வீட்டில் மாவு அரைக்கும் மின் இயந்திரம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டுக்கென்று மாவு அரைக்கும் மின் இயந்திரம் வாங்கியவர்கள் முதல் சில வாரங்களில் சொல்லும் குறைகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும்: கல் அடைத்துக்கொள்கிறது, மாவு சூடாக வருகிறது, ரொட்டி இறுகிவிடுகிறது, சில நாட்களிலேயே மாவில் காறல் வாடை அடிக்கிறது. இவற்றுள் இயந்திரத்தின் பழுதால் நேர்பவை மிகச் சில. மாவாலையில் தானியத்தைக் கையில் அள்ளிப் பார்த்து, ஒரு மணியை வாயில் போட்டுக் கடித்து, ‘இன்னும் காயவில்லை’ என்று திருப்பி அனுப்பும் ஆள் ஒருவர் இருப்பார். வீட்டு இயந்திரத்துக்கு அப்படி ஒருவர் கிடையாது. போட்டதை அது அரைத்துவிடும். ஆலைக்காரரின் அந்த வேலையும் இப்போது நம்முடையதே என்பதை மறப்பதுதான் பல தவறுகளுக்கும் தொடக்கம்.

வகை அறியாமல் இயக்குவது

வீட்டு இயந்திரங்களில் பரவலாக இருப்பவை இரண்டு வகை. ஒன்று கல் எந்திரம். அசையாத ஒரு வட்டக் கல்லை ஒட்டி மற்றொரு கல் சுழல, நடுத்துளை வழியே இறங்கும் தானியம் இரண்டுக்கும் இடையில் நசுங்கி, விளிம்பை நோக்கி நகரும்போது மாவாகிறது. இந்தக் கல் பெரும்பாலும் மலையில் வெட்டியெடுத்த கல் அன்று. குருந்தம் என்னும் மிகக் கடினமான கனிமத்தின் துகள்களைப் பீங்கான் போன்ற பொருளால் பிணைத்துச் செய்தது. (அக்கனிமத்துக்கு ஆங்கிலத்தில் வழங்கும் ‘கொரண்டம்’ என்ற பெயர் நம் ‘குருந்தம்’ என்ற சொல்லிலிருந்து போனதுதான்.) மற்றொன்று மோதல் வகை. அதில் கல் இல்லை. பல வரிசைப் பற்கள் கொண்ட எஃகுத் தகடு நிமிடத்துக்குப் பல்லாயிரம் முறை சுழல, உள்ளே விழும் தானியம் அப்பற்களில் மோதிச் சிதறிப் பொடியாகிறது.

இரண்டையும் ஒரே முறையில் இயக்கக் கூடாது. மோதல் வகையில் முதலில் இயந்திரத்தை ஓடவிட்டு, அது முழு வேகத்தை எட்டிய பிறகே தானியத்தைக் கொட்ட வேண்டும். கொட்டியது முழுவதும் அரைபட்ட பிறகே நிறுத்த வேண்டும். பற்களுக்கு நடுவே தானியம் நிறைந்திருக்கும்போது பொத்தானை அழுத்தினால் தகடு சுழல முடியாமல் சிக்கிக்கொள்ளும். பொருளைப் போட்டபின் மிக்ஸியை இயக்கிப் பழகிய கைக்கு இந்த வரிசை எளிதில் வருவதில்லை. நானும் ஒருமுறை அப்படிச் செய்துவிட்டு, மின்இணைப்பைப் பிடுங்கி, சிக்கிய மணிகளை மூங்கில் குச்சியால் ஒவ்வொன்றாக எடுத்திருக்கிறேன். அரைத்த மாவையே மீண்டும் உள்ளே கொட்டி இன்னும் நைஸாக்க முயல்வதும் இவ்வகையில் கூடாது. மாவு சீராக இறங்காமல் அடைத்துக்கொள்ளும்.

கல் எந்திரத்தில் கவனிக்க வேண்டியது இடைவெளி. இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் கற்களின் இடைவெளியைக் குறைக்க வேண்டும். தானியம் உள்ளே நிற்கும்போது நிறுத்திவிட்டு இடைவெளியை நெருக்கினால், அடுத்த முறை இயக்கும்போது கல் அசையாமல் மோட்டார் மட்டும் உறுமும். அந்த உறுமலைக் கேட்டதும் உடனே நிறுத்தி, இடைவெளியை அகலமாக்கி, பிறகு இயக்க வேண்டும். மிக நைஸான அளவு எது என்பதை அளவுகோலில் உள்ள எண்ணை நம்பித் தீர்மானிப்பதும் தவறு. வெறும் இயந்திரத்தை ஓடவிட்டு, கற்கள் ஒன்றையொன்று உரசும் மெல்லிய ‘டிக் டிக்’ ஒலி கேட்கும்வரை இடைவெளியை மாற்றும் திருகாணியை மெதுவாக நெருக்கி, ஒலி நிற்கும் அளவுக்குச் சற்றே பின்வாங்கினால், அதுவே அந்த இயந்திரத்தின் நைஸ் அளவு. கல் தேயத் தேய இந்த இடம் நகரும் என்பதால் இதை அவ்வப்போது செய்து பார்க்க வேண்டும். ஆனால் உரசும் நிலையில் வெறுங்கல்லை நெடுநேரம் ஓடவிடக் கூடாது.

ஈரம்

கல் எந்திரத்துக்கு நேரும் கேடுகளில் பெரும்பாலானவை ஈரத்தால் வருபவை. கோதுமை போன்ற தானியத்தில் ஈரம் 12 அல்லது 13 விழுக்காட்டுக்குள் இருந்தால் கல் சிரமமின்றி அரைக்கும். 15-ஐத் தாண்டும்போது மணி நொறுங்குவதற்குப் பதிலாக நசுங்குகிறது. நசுங்கிய மாவு கல்லின் நுண்பள்ளங்களில் அப்பி, உராய்வின் சூட்டில் இறுகி, கண்ணாடிபோல் பளபளக்கும் பூச்சாகப் படிகிறது. தானியத்தை அரைப்பது கல்லின் சொரசொரப்பே அன்றி அதன் கனம் அன்று. சொரசொரப்பு மறைந்துவிட்டால் மோட்டார் எவ்வளவு சுழன்றாலும் மாவு குறைவாகவும் சூடு மிகுதியாகவும் வரும். இந்நிலையில் பலர் இயந்திரம் கெட்டுவிட்டதென்று முடிவுகட்டிவிடுகிறார்கள்.

ஈரத்தை அறியக் கருவி வேண்டியதில்லை. ஒரு மணியைக் கல்தரையில் வைத்துக் கரண்டியின் அடியால் அழுத்தினால், காய்ந்த தானியம் ‘டக்’கென்று உடைந்து தூளாகும், ஈரமானது அவலைப்போல் தட்டையாகும். இன்னொரு வழி, உலர்ந்த கண்ணாடிச் சீசாவில் தானியத்தோடு ஒரு கரண்டி காய்ந்த பொடியுப்பைப் போட்டு நன்றாகக் குலுக்கிச் சில நிமிடம் வைத்துப் பார்ப்பது. உப்பு கட்டிதட்டினாலோ சீசாவின் சுவரில் ஒட்டினாலோ அந்தத் தானியம் இன்னும் காய வேண்டும்.

தானியத்தைக் கழுவி, மேலாகக் காயவைத்து, அன்றே அரைப்பது நல்ல எண்ணத்தில் செய்யப்படும் தவறு. தோல் காய்ந்து கையில் சலசலத்தாலும் உள்ளே புகுந்த நீர் வெளியேற நெடுநேரம் ஆகும். கழுவத்தான் வேண்டுமென்றால், கழுவும் முன் எடையைக் குறித்துவைத்து, அந்த எடைக்குத் திரும்பும்வரை காயவைப்பதைவிட உறுதியான வழி எனக்குத் தெரியவில்லை. முளைகட்டிய தானியத்துக்கு இது இன்னும் கண்டிப்பாகப் பொருந்தும். முளைப்பதில் சிறிது சத்து செலவாகிவிடுவதால் அதன் எடை பழைய எடையைவிடச் சற்றுக் குறைய வேண்டும்.

பூச்சி வராமலிருக்கத் தானியத்தை உறைநிலைப் பெட்டியில் வைப்பது நல்ல பழக்கம். கழித்தல் 18 டிகிரி செல்சியஸில் சில நாள் இருந்தால் வண்டும் அதன் முட்டையும் அழியும். ஆனால் வெளியே எடுத்ததும் டப்பாவைத் திறந்துவைத்தால், குளிர்ந்த மணிகளின் மீது காற்றின் ஈரம் பனித்துளியாகப் படியும். மூடியைத் திறக்காமலே அறையின் வெப்பத்துக்கு வரவிட்டு, பிறகு அரைக்க வேண்டும்.

எள், ஆளிவிதை, நிலக்கடலை போன்ற எண்ணெய் வித்துகளைக் கல்லில் தனியே அரைக்கக் கூடாது. எண்ணெய் செய்யும் கேடும் ஈரம் செய்வதைப் போன்றதே. கட்டாயம் வேண்டுமென்றால், ஒன்பது பங்கு காய்ந்த தானியத்தில் ஒரு பங்கு வித்தைக் கலந்து, சற்றுக் கொரகொரப்பாக அரைக்கலாம்.

கல்லில் பூச்சு படிந்துவிட்டால் தண்ணீரைக் காட்டவே கூடாது. நுண்துளைகள் நிறைந்த கல் நீரைக் குடித்துக்கொள்ளும், உள்ளிருக்கும் மாவு பசையாகும். நன்கு காய்ந்த பச்சரிசி இரண்டு கைப்பிடி எடுத்து, அகலமான இடைவெளியில் அரைத்து, இடைவெளியைச் சிறிது சிறிதாகக் குறைத்தபடி மீண்டும் செய்தால், அரிசியின் கடினமே பூச்சைச் சுரண்டி எடுத்துவிடும். அதற்கும் அசையாவிட்டால் மின்இணைப்பை நீக்கி, கல்லைக் கழற்றி, உலர்ந்த கம்பித் தூரிகையால் தேய்க்கலாம்.

தானியத்தோடு சேர்ந்து உள்ளே போவது

ஒரு சிறு கல்லோ ஆணித்துண்டோ மோதல் வகை இயந்திரத்துக்குள் விழுந்தால் பற்கள் வளையும். கல் எந்திரத்தில் கல்லின் விளிம்பு தெறிக்கும். பொட்டலம் ‘சுத்தம் செய்தது’ என்று சொன்னாலும், அகலத் தட்டில் பரப்பி ஒரு முறை கண்ணோட்டம் விடுவதைத் தவிர்க்கலாகாது.

கண்ணோட்டத்துக்கு அதைவிடப் பெரிய காரணம் ஒன்றுண்டு. அரைத்த பிறகு கெட்ட மணியை அடையாளம் காண இயலாது. பூஞ்சை பிடித்த தானியத்தில் உண்டாகும் அஃப்ளாடாக்சின் போன்ற நச்சுகள் சமையல் சூட்டில் முழுதும் அழிவதில்லை. ஆகவே பூஞ்சை வாடை வீசும் தானியத்தைக் காயவைத்து அரைத்துத் தப்பிக்கலாம் என்று நினைக்கக் கூடாது. கம்பிலும் ரை என்னும் புல்லரிசித் தானியத்திலும் சில சமயம் எர்காட் பூஞ்சையின் கரும்பழுப்பு நிற நீண்ட கட்டிகள் மணிகளிடையே கலந்திருக்கும், அவையும் நச்சே. விதைப்புக்கென விற்கப்படும் தானியத்தை எந்த நிலையிலும் அரைக்கக் கூடாது. அதன்மேல் பூச்சிக்கொல்லியோ பூஞ்சைக்கொல்லியோ பூசப்பட்டிருக்கக்கூடும், வழக்கமாக எச்சரிக்கைக்காக நிறமும் ஏற்றியிருப்பார்கள்.

சூட்டைப் பற்றிய அச்சம்

அரைத்த மாவு வெதுவெதுப்பாக இருந்தால் சத்தெல்லாம் போய்விட்டது என்று அஞ்சுவோர் பலர். என் கணிப்பில் இந்த அச்சம் அளவுக்கு மீறியது. அதே மாவை அடுத்து நாம் வைக்கப்போகும் அடுப்பின் சூட்டோடு ஒப்பிட்டால், கை பொறுக்கும் அந்தச் சூடு ஒன்றுமேயில்லை. சூட்டினால் வரும் உண்மையான தொல்லைகள் வேறு. வெதுவெதுப்பான மாவை உடனே காற்றுப்புகாத டப்பாவில் அடைத்தால், மூடியின் உட்புறம் நீர் வேர்த்து, மாவு கட்டிதட்டி, பூஞ்சைக்கு இடமாகும். பரப்பி ஆறவிட்ட பிறகே மூட வேண்டும். ஈஸ்ட் சேர்த்துப் பிசையும்போது மாவின் சூடு கணக்கில் வராவிட்டால் மாவு எதிர்பார்த்ததைவிட விரைவாகப் பொங்கி, பிறகு அமிழ்ந்துவிடும். குளிர்ந்த நீரைச் சேர்த்தால் போதும். வழக்கத்தைவிட மிகுதியாகச் சூடேறினால் இடைவெளி வேண்டியதைவிட நெருக்கமாக உள்ளது, அல்லது கல்லில் பூச்சு படிந்துள்ளது, அல்லது மோட்டாருக்கு ஓய்வு கொடுக்கவில்லை என்று பொருள். வீட்டு மோட்டார் மணிக்கணக்கில் ஓடுவதற்காகச் செய்யப்பட்டதன்று. சூடு மீறும்போது மோட்டாரை நிறுத்தும் காப்பு அமைப்பு அதைத் தானே நிறுத்திவிட்டால், அரை மணி நேரமாவது ஆறவிடாமல் பொத்தானை மீண்டும் மீண்டும் அழுத்திக்கொண்டிருக்கக் கூடாது.

கடை மாவின் கணக்கில் பிசைவது

ஒரு கோப்பைக் கோதுமை அரைபட்டால் ஒன்றரைக் கோப்பைக்கும் மேலாக மாவு வரும். காற்றேறிய புது மாவு பொங்கி நிற்பதால் ஒவ்வொரு முறையும் கோப்பை அளவு மாறும். எடை மாறுவதில்லை: 500 கிராம் மாவு வேண்டுமென்றால் 500 கிராம் தானியம் போதும், ஒட்டிக்கொண்டு வீணாவது சொற்பமே. தராசு இல்லாமல் இந்த வேலையில் இறங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ரொட்டி இறுகுவதற்குக் காரணம் பெரும்பாலும் தண்ணீரும் பொறுமையும் போதாமையே. தவிடு நீக்கிய வெள்ளை மாவைவிடத் தவிட்டோடு அரைத்த மாவு கூடுதலாக நீரைக் குடிக்கும், ஆனால் மெதுவாகக் குடிக்கும். பிசைந்தவுடன் ஒட்டுகிறதே என்று மேலும் மாவைத் தூவினால், தவிடு ஊறி முடிக்கும்போது உருண்டை இறுகிவிடும். சற்றே தளர்வாகப் பிசைந்து, மூடி, 30 நிமிடம் வைத்த பிறகு தொட்டுப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும். ஊறாத தவிட்டின் கூர்விளிம்புகள் குளூட்டன் என்னும் கோதுமைப் புரதத்தின் இழைகளை அறுத்து ரொட்டி எழும்பவிடாமலும் செய்கின்றன. ஓய்வு கொடுப்பதால் அதுவும் ஓரளவு தணியும்.

ஒரு வாரத்துக்கு அரைத்து வைப்பது

கோதுமை மணியில் ஏறக்குறைய 83 விழுக்காடு மாவுச்சத்துள்ள உட்பகுதி, 14 விழுக்காடு தவிடு, எஞ்சிய 3 விழுக்காட்டுக்கும் குறைவானது கரு. கொழுப்பு செறிந்திருப்பது கருவில். அதைச் சிதைக்கும் நொதி பெரும்பாலும் தவிட்டில். மணி முழுதாக இருக்கும்வரை இரண்டும் சந்திப்பதில்லை. அரைத்த கணத்தில் இரண்டும் கலந்து, காற்றும் சேர்ந்து, மாவு மெல்லக் காறத் தொடங்குகிறது. முழுத் தானியமாக ஆண்டுக்கணக்கில் இருக்கக்கூடியதை மாவாக்கி வெளியில் வாரக்கணக்கில் வைப்பது, வீட்டில் அரைப்பதன் பயனையே இழப்பதாகும். கோதுமை மாவை வெளியில் சில நாட்களுக்குள் தீர்த்துவிடுவதும், மிஞ்சியதைக் குளிர்பதனப் பெட்டியிலோ உறைநிலையிலோ வைப்பதும் நல்லது. கம்பு மாவுக்கு அந்தச் சில நாட்களும் இல்லை. கொழுப்பும் நொதியும் மிகுந்த அது மிக விரைவாகக் கசந்துவிடும் என்பதால் அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் அரைக்க வேண்டும்.

தூசியும் ஒவ்வாமையும்

மாவுத் தூசி மூச்சில் போவது சிறு தொல்லையாகத் தோன்றினாலும், நாள்தோறும் அதில் வேலை செய்யும் ரொட்டித் தொழிலாளர்களுக்கு ஆஸ்துமா வருவது மருத்துவம் நன்கறிந்த ஒன்று. இயந்திரம் நின்றதும் மூடியைத் திறக்காமல் தூசி படியவிடுவதும், எரியும் அடுப்புக்கு அருகில் அரைக்காமலிருப்பதும், மோதல் வகையின் வடிகட்டியை அவ்வப்போது தட்டிச் சுத்தம் செய்வதும் போதுமானவை. அந்த வகையின் இரைச்சலுக்குக் காதடைப்பான் வைத்துக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நைஸ் பார்க்க மாவை விரலிடையே தேய்த்துப் பார்க்கலாம், வாயில் போடக் கூடாது; அரைப்பதால் கிருமி சாவதில்லை, பச்சை மாவில் சால்மோனெல்லா போன்றவை இருக்கக்கூடும்.

வீட்டில் குளூட்டன் ஆகாத செலியாக் நோயாளி இருந்தால், கோதுமை அரைத்த இயந்திரத்தை அரிசி போட்டு ஓட்டிவிட்டு அவருக்கான மாவை அதிலேயே அரைக்கக் கூடாது. கல்லின் துளைகளிலும் மாவு வரும் வழியின் மூலைகளிலும் தங்குவது முழுவதுமாக வெளியேறுவதில்லை. அவருக்கென்று தனி இயந்திரம் வேண்டும். மற்றவர்களுக்கும் அந்த மூலைகள் ஒரு பொருட்டே: அங்கே தங்கிய பழைய மாவில் வண்டு முட்டையிடும். அரைத்து முடித்ததும் உலர்ந்த தூரிகையால் அவற்றைத் துடைத்துவிட வேண்டும். இயந்திரம் சில வாரம் சும்மா இருந்திருந்தால், அடுத்த முறை வரும் முதல் கைப்பிடி மாவைத் தனியே ஒதுக்கிவிட வேண்டும்.