லெகோ அசலா? குமிழைக் கேளுங்கள்

இணையத்தில் யாராவது பாதி விலைக்கும் கீழே லெகோ எனும் பிளாஸ்டிக் பொம்மைக் கட்டை செட் தருகிறேன் என்றால், பணம் கட்டும் முன் கட்டைகளின் மேலுள்ள சிறு வட்டக் குமிழ்களை நெருக்கத்தில் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அன்றைய தேதி எழுதிய துண்டுச்சீட்டும் படத்தில் இருக்கட்டும், இல்லாவிட்டால் எங்கிருந்தாவது எடுத்த படம்தான் வரும். அசல் கட்டையின் குமிழ்மேல் நிறுவனப் பெயர் ஆங்கிலத்தில் புடைத்து நிற்கும். வார்ப்பிலேயே வரும் எழுத்து அது. பெட்டிப் படத்தைக் கூசாமல் திருடும் போலிக்காரர்களும் குமிழைப் பெரும்பாலும் மொட்டையாகவே விடுகிறார்கள்.

பிரிக்காத பெட்டிக்கும் குமிழில்லாத வழவழப்பான துண்டுகளுக்கும் இது உதவாது. சொந்தப் பெயரில் ஒத்த கட்டைகள் விற்கும் நிறுவனங்களும் உண்டு, அவை போலியல்ல. எழுத்து இருந்தாலும் அசலோடு போலியைக் கலந்திருக்கலாம். நாலைந்து துண்டுகளையாவது பாருங்கள்.