குஞ்சுத் தீவனம் நாமே கலப்பது: புரதக் கணக்கும் என்சைமும்

கோழிக்குஞ்சு வளர்க்கத் தொடங்குபவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை சதவீதம் புரதம் போடணும்?" அடுத்து, "என்சைம் (தீவனம் செரிக்க உதவும் நொதி) போட்டால் சீக்கிரம் வளருமாமே?" இரண்டுக்கும் ஒற்றை வரியில் பதில் சொல்லிவிடலாம். அப்படிப்பட்ட ஒரு பதிலை நம்பித்தான் முதல் தடவை நான் கோட்டை விட்டேன். மூட்டை மேல் 22 சதவீதம் என்று அச்சடித்திருந்தது. மூன்று வாரத்தில் பார்த்தால் குஞ்சுகள் பெரிசும் சிறிசுமாக நின்றன, இறகு முளைப்பது பின்தங்கியது, தரையில் பரப்பிய கூளம் ஈரமாகி அம்மோனியா நெடி கண்ணைக் கரித்தது. அந்த எண் பொய் இல்லை. குஞ்சுக்குச் செரித்து உடம்பில் சேர்வது எவ்வளவு என்பதை அது சொல்லாது, அவ்வளவுதான்.

இந்தப் பதிவில் முட்டையினக் குஞ்சுகளுக்கு, முதல் ஆறு வாரத்துக்கான 100 கிலோ தீவனம் கலக்கப் போகிறோம். புரத இலக்கு 20 சதவீதம். கறிக்கோழிக் குஞ்சுக்கு 22, 23 வேண்டும், காடைக் குஞ்சுக்கு 24, வான்கோழிக் குஞ்சுக்கு 28. கணக்கு எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்.

படி 1: அந்த எண் எங்கிருந்து வருகிறது?

ஆய்வுக்கூடத்தில் புரதத்தை நேரடியாக அளப்பதில்லை. தீவனத்தில் உள்ள நைட்ரஜனை அளந்து 6.25ஆல் பெருக்குகிறார்கள். டென்மார்க்கின் யோகான் கெல்டால் 1883இல் வெளியிட்ட நைட்ரஜன் அளக்கும் முறைதான் இதற்கு அடிப்படை. இந்தக் கணக்கின்படி 46 சதவீத நைட்ரஜன் உள்ள யூரியாவில் 287 சதவீதம் 'புரதம்' இருக்கிறது! பதப்படுத்தாத இறகுத் தூளிலும் எண்பதுக்கு மேல் காட்டும். குஞ்சு அதைத் தின்றால் பெரும்பகுதி அப்படியே எச்சத்தில் போய்விடும்.

சரி, செரிக்கிற புரதமாகவே இருக்கட்டும். அப்போதும் ஒரு சிக்கல் உண்டு. புரதம் என்பது அமினோ அமிலங்களைக் கோத்த சரம். உங்களிடம் பத்து 'த', பத்து 'மி', நான்கு 'ழ்' இருந்தால் 'தமிழ்' என்ற சொல்லை எத்தனை முறை எழுத முடியும்? நான்கே முறை. மீதி 'த'வும் 'மி'யும் வீண். குஞ்சின் உடம்பிலும் இதுதான் நடக்கிறது. மக்காச்சோளமும் சோயாவும் கலந்த தீவனத்தில் அந்த 'ழ்', பெரும்பாலும் மெத்தியோனின். அடுத்தது லைசின். மிஞ்சிய அமினோ அமிலங்களைக் குஞ்சால் சேமித்து வைக்க முடியாது. உடைத்து யூரிக் அமிலமாக வெளியேற்றுகிறது. அதற்குத் தண்ணீரும் அதிகம் குடிக்கிறது. கூளம் ஈரமாவதும் நெடி ஏறுவதும் இந்த வழியாகத்தான். ஆகவே வளர்ச்சி குறைவு என்றதும் புரதச் சதவீதத்தை இன்னும் ஏற்றுவது, பல நேரம் கூளத்துக்குத் தீனி போடுகிற வேலை.

படி 2: பொருள்களைப் பார்த்து வாங்குங்கள்

மக்காச்சோளம் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். ஈரப்பதம் 12, 13 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சணம் பிடிக்கும், அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சண நஞ்சு சேரும். கடலைப் புண்ணாக்கிலும் இந்த ஆபத்து உண்டு, லைசினும் குறைவு. அதனால் குஞ்சுகளுக்கு நான் அதைத் தொடுவதில்லை.

சோயா விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. பச்சை சோயாவை அரைத்துப் போடாதீர்கள். அதில் டிரிப்சின் தடுப்பான் இருக்கிறது. புரதத்தைச் செரிக்கக் குஞ்சின் கணையம் சுரக்கிற டிரிப்சின் என்ற என்சைமை அது முடக்கிவிடும். கணையம் மேலும் மேலும் சுரந்து வீங்கிப்போகும், புரதமும் செரிக்காது. சரியான சூட்டில் வறுத்தால் இந்தத் தடுப்பான் அழியும். கருகும்வரை வறுத்தால் லைசின் கெடும். எண்ணெய் எடுத்து வறுத்த சோயா புண்ணாக்கு வாங்குவதே நல்லது. வெளிர்பொன் நிறமும் வறுத்த வாசனையும் இருக்க வேண்டும்.

படி 3: கணக்கு

உப்பு, தாதுக்களுக்கு 4 கிலோ ஒதுக்கிவிடுவோம். மீதி 96 கிலோவில் 20 கிலோ புரதம் வர வேண்டும், அதாவது 20.8 சதவீதம். மக்காச்சோளத்தில் 8.5, சோயா புண்ணாக்கில் 46 என்று எடுத்துக்கொள்வோம். இலக்கிலிருந்து மக்காச்சோளத்தைக் கழித்தால் 12.3, இது சோயாவின் பங்கு. சோயாவிலிருந்து இலக்கைக் கழித்தால் 25.2, இது மக்காச்சோளத்தின் பங்கு. மொத்தம் 37.5 பங்கு. 96 கிலோவை இந்த விகிதத்தில் பிரித்தால் சோயா சுமார் 31.5 கிலோ, மக்காச்சோளம் சுமார் 64.5 கிலோ.

அந்த 4 கிலோவில் டை கால்சியம் பாஸ்பேட் 1.8 கிலோ, சுண்ணாம்புக்கல் தூள் 1.2 கிலோ, உப்பு 350 கிராம், மெத்தியோனின் 150 கிராம். மீதி அரைக் கிலோ வைட்டமின், தாதுக் கலவைக்கு. அதன் அளவு ஒவ்வொரு தயாரிப்புக்கும் மாறும், பாக்கெட்டில் உள்ளபடி போட்டு, கூடுதல் குறைவை மக்காச்சோளத்தில் சரிக்கட்டுங்கள்.

படி 4: எந்த என்சைம்?

கடைக்காரர் நீட்டுகிறதை வாங்காதீர்கள். உங்கள் தீவனத்தில் என்ன தானியம் இருக்கிறது என்று பார்த்துத்தான் என்சைமைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

முதலில் பைட்டேஸ். தாவரப் பொருள்களில் உள்ள பாஸ்பரஸில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பைட்டேட் என்ற வடிவில் பூட்டிக் கிடக்கிறது. அதைத் திறக்கும் திறன் குஞ்சின் குடலுக்கு மிகக் குறைவு. பைட்டேட் சும்மாவும் இருக்காது, கால்சியத்தையும் துத்தநாகத்தையும் பிடித்துக்கொள்ளும், புரதத்தோடும் ஒட்டும். பைட்டேஸ் அதை உடைக்கிறது. நம் கலவைக்கு முதலில் வாங்க வேண்டியது இதுதான். பைட்டேஸ் போட்டால் டை கால்சியம் பாஸ்பேட்டைக் குறைக்கலாம் என்பார்கள், அது உண்மை. ஆனால் முதல் இரண்டு மூன்று தடவை குறைக்காதீர்கள். கலப்பதில் கை பழகாமல் குறைத்தால் கால் வளைந்த குஞ்சுகளைத்தான் பார்ப்பீர்கள்.

சைலனேஸும் பீட்டா குளூக்கனேஸும் கோதுமை, பார்லி, ரை போடுபவர்களுக்கு. அந்தத் தானியங்களின் நார்ச்சத்து குடலுக்குள் கஞ்சிப்பசை போலக் கெட்டியாகி, செரிமானச் சாறு தீவனத்தோடு கலக்க விடாது. எச்சம் பிசுபிசுத்து ஆசனவாயில் ஒட்டிக்கொள்ளும். மக்காச்சோளத்தில் இந்தத் தொல்லை குறைவு, எனவே நமக்கு அவசரமில்லை.

புரோட்டியேஸ் என்பது புரதத்தை உடைக்கும் என்சைம். பெயரைக் கேட்டதும் இதுதான் வேண்டும் என்று தோன்றும். பொரித்த முதல் சில நாள்களில் குஞ்சின் சொந்தச் சுரப்பு குறைவு என்பதால் இதற்கு வேலை உண்டுதான். ஆனால் நல்ல சோயா போட்ட தீவனத்தில் பெரிய வித்தியாசத்தை எதிர்பார்க்காதீர்கள். பச்சை சோயாவைச் சரிக்கட்டும் மருந்தாகவும் நினைக்காதீர்கள்.

படி 5: கலப்பது

தவறு நடப்பது பெரும்பாலும் இங்கேதான். ஒரு கிராமில் 5000 யூனிட் உள்ள பைட்டேஸ் உங்களிடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கிலோ தீவனத்துக்கு 500 யூனிட் என்றால், 100 கிலோவுக்கு வெறும் 10 கிராம். ஒரு நாளில் 20 கிராம் தின்னும் குஞ்சுக்குக் கிடைப்பது 2 மில்லிகிராம். அந்த 2 மில்லிகிராம் எல்லாக் குஞ்சுக்கும் போய்ச் சேர வேண்டுமே! 10 கிராமைக் குவியலின் தலையில் தூவி நாலு புரட்டு புரட்டினால் சேராது.

10 கிராமை முதலில் 100 கிராம் மக்காச்சோள மாவில் கலக்குங்கள். அதை ஒரு கிலோ மாவில், அதைப் பத்து கிலோவில், அப்புறம்தான் முழுக் குவியலில். மெத்தியோனினுக்கும் வைட்டமின் கலவைக்கும் இதே வழிதான். முழுக் குவியலை மண்வெட்டியால் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மூன்று நான்கு முறை முழுசாக மாற்றிப் போடுங்கள்.

என்சைமும் ஒரு புரதம்தான். வெந்த வெள்ளைக்கரு திரும்ப நீராவதில்லை அல்லவா? அதே போல, சூடுபட்ட என்சைம் திரும்ப வேலைக்கு வராது. கொதிக்கிற கஞ்சியில் கலப்பது, வெயிலில் டப்பாவைத் திறந்து வைப்பது இரண்டும் கூடாது. குச்சித் தீவனமாக அழுத்துவதாக இருந்தால், சூடு தாங்கும்படி பூச்சு பூசிய வகையைக் கேட்டு வாங்குங்கள்.

படி 6: முதல் நாள்

பொரித்து வரும் குஞ்சின் வயிற்றுக்குள் கொஞ்சம் மஞ்சள்கரு மீதி இருக்கும், சில நாளில் கரைந்துவிடும். அதை நம்பித் தீவனத்தைத் தள்ளிப்போட வேண்டாம். தீனி உள்ளே போனால்தான் குடல் வேகமாக வளரும். தண்ணீர் வைத்து, புரூடரில் (குஞ்சுகளுக்குச் சூடு தரும் அமைப்பில்) சூடு 32 முதல் 35 டிகிரி செல்சியஸ் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, தீவனத்தைக் காகிதத்தில் பரப்புங்கள்.

இரவில் பத்து இருபது குஞ்சுகளை எடுத்து, கழுத்துக்கு அடியில் தீனிப்பையை விரல் நுனியால் மெதுவாகத் தொட்டுப் பாருங்கள். மெத்தென்று உருண்டையாக இருந்தால் தீனியும் தண்ணீரும் போயிருக்கிறது. கல் மாதிரி இருந்தால் தீனி மட்டும், தண்ணீர் போதவில்லை. காலியாக இருந்தால் சூட்டையோ வெளிச்சத்தையோ சரிபாருங்கள். என்சைம் டப்பாவின் மேல் பழி போடுவதெல்லாம் அப்புறம்.

படி 7: எடை

வாரம் ஒரு முறை, அதே நாளில், அதே நேரத்தில், இருபது குஞ்சுகளைத் தனித்தனியாக எடை போடுங்கள். பொரித்தபோது 40 கிராம் அளவில் இருக்கும் முட்டையினக் குஞ்சு, வாரக் கடைசியில் 70 கிராம் பக்கம் வர வேண்டும். கறிக்கோழிக் குஞ்சு நான்கு மடங்குக்கு மேலேயே போய்விடும். சராசரி சரியாக இருந்து, ஒன்று 50, ஒன்று 90 என்று பரந்து கிடந்தால், கலவை சீராக இல்லை அல்லது தீனித் தொட்டி போதவில்லை. எல்லாமே ஒன்றுபோல் குறைந்திருந்தால் சோயாவையும் மெத்தியோனினையும் சந்தேகப்படுங்கள். எச்சத்தில் இரத்தம் தெரிந்தால் அது தீவனக் கணக்கு அல்ல, இரத்தக் கழிச்சலாக இருக்கலாம். கால்நடை மருத்துவரிடம் உடனே காட்டுங்கள்.

தீவனம் தீர்ந்துபோன அவசரத்தில் முட்டைக்கோழித் தீவனத்தை மட்டும் குஞ்சுக்குப் போட்டுவிடாதீர்கள். அதில் கால்சியம் மூன்றரை முதல் நான்கு சதவீதம். குஞ்சுக்குத் தேவை ஒரு சதவீதம்தான். மிச்சம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஆறு வாரம் முடிந்ததும் 16 சதவீத வளர் தீவனத்துக்கு மாறலாம்: முதல் இரண்டு நாள் புதுத் தீவனம் கால் பங்கு, அடுத்த இரண்டு நாள் பாதி, பிறகு முக்கால் என்று.