முதலில் தறியில் உட்காருங்கள்: நவஹோ ஆய்வின் வழியில் கொங்குநாட்டில் களப்பணி செய்ய ஒரு வழிகாட்டி

தமிழிலோ மானிடவியலிலோ மொழியியலிலோ முதுகலை முடித்துவிட்டு, ஆனைகட்டி இருளரிடமோ தாளவாடிச் சோளகரிடமோ பவானி ஜமக்காள நெசவாளரிடமோ களப்பணிக்குப் போக விரும்பும் மாணவர்கள் பெரும்பாலும் ஒரு கேள்விப் பட்டியலோடுதான் புறப்படுகிறார்கள். பட்டியல் தேவைதான். ஆனால் அதைப் பையின் அடியில் வைத்துவிட்டு, அந்த மக்கள் அன்றாடம் செய்யும் ஒரு வேலையை அவர்களிடமே கற்றுக்கொள்ளத் தொடங்குவதுதான் சரியான வழி என்பது என் உறுதியான எண்ணம். இதற்கு எனக்குத் துணை நிற்பவர், அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் வாழும் நவஹோ என்ற பழங்குடி மக்களின் மொழியையும் பண்பாட்டையும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆராய்ந்த கிளாடிஸ் ரைக்கார்ட் என்ற மானிடவியலாளர். அவர் வேலை செய்த விதத்திலிருந்து நாம் எவற்றைக் கைக்கொள்ளலாம், எவற்றில் அவரைவிடக் கவனமாக இருக்க வேண்டும் என்பதை இங்கே எழுதுகிறேன்.

ரைக்கார்ட் 1893இல் பென்சில்வேனியாவில் பிறந்தவர். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அமெரிக்க மானிடவியலின் முன்னோடியான ஃபிரான்ஸ் போவாஸிடம் பயின்று, கலிபோர்னியாவின் வியோட் மொழி இலக்கணத்தை ஆராய்ந்து 1925இல் முனைவர் பட்டம் பெற்றார். பார்னார்டு கல்லூரியில் கடைசிவரை ஆசிரியராக இருந்தார். நவஹோ நாட்டுக்கு அவர் முதன்முதலாகப் போனது 1923இல். தொடக்க ஆண்டுகளில் வம்சாவளிகளையும் குல அமைப்பையும் தொகுத்தார். அந்தத் தொகுப்பு 1928இல் நூலாக வந்தது. உழைப்பில் குறை சொல்ல முடியாத நூல் அது. ஆனாலும் ஒரு வீட்டுப் பெண் விடிந்தது முதல் எதை எதற்குப் பின் செய்கிறாள், யாரிடம் எந்தக் குரலில் பேசுகிறாள் என்பதெல்லாம் வம்சாவளி அட்டவணையில் ஏறுவதில்லை. 1930 கோடையில் அவர் வழியை மாற்றிக்கொண்டார். கனாடோ என்ற ஊருக்கு அருகே, வெளியார் மிகெலிட்டோ என்று அழைத்த சடங்குப் பாடகரின் குடும்பத்தோடு தங்கி, அவருடைய மனைவியிடமும் மகள்களிடமும் கம்பள நெசவு கற்கத் தொடங்கினார். அடுத்தடுத்த கோடைகளிலும் அங்கேயே போய்த் தங்கினார். நெசவைப் பற்றி 1934லும் 1936லும் வந்த நூல்கள், நவஹோ சமயம் பற்றி 1950இல் வந்த பெருநூல், 1951இல் வந்த இலக்கணம் ஆகிய எல்லாம் இந்த மாற்றத்துக்குப் பின் விளைந்தவை.

எனவே நீங்கள் முதலில் தீர்மானிக்க வேண்டியது, எந்த வேலையைக் கற்கப்போகிறீர்கள் என்பதை. எந்தச் சமூகம் என்பது அதற்கு அடுத்த கேள்வி. கொங்குநாட்டில் இதற்குப் பஞ்சமில்லை. பவானியில் ஜமக்காளமும் சென்னிமலையில் போர்வையும் நெகமத்தில் சேலையும் கைத்தறியில் நெய்கிறார்கள். காங்கேயம், தாராபுரம் பக்கம் முள்கிளுவை வேலிக்குள் கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேலும் வளரும் கொறங்காடுகளில் ஆடு மாடு மேய்க்கிறார்கள். மலைமேல் தேன் எடுத்தலும் கிழங்கு தோண்டுதலும் ராகி விதைப்பும் உண்டு. உங்கள் உடலுக்கு ஒத்துவருகிற, ஒரு முழுப் பருவம் கூடவே இருந்து செய்யக்கூடிய வேலையைத் தேர்ந்தெடுங்கள். தேனெடுப்பு பார்க்கக் கவர்ச்சியாக இருக்கும். ஆனால் பாறைக்கு மேலே கயிற்றில் தொங்குகிறவருக்குப் புதியவர் ஒருவரால் இடையூறுதான். தறியும் மந்தையும் கற்பவரைப் பொறுத்துக்கொள்ளும்.

நவஹோ ஆய்வுக்கும் நம் பகுதிக்கும் தொடர்பில்லை என்று எண்ண வேண்டாம். நவஹோ மொழியை ஆராய்ந்த பெரும் மொழியியலாளர் எட்வர்ட் சபீரிடம் யேல் பல்கலைக்கழகத்தில் களமொழியியல் கற்றவர்தான் திராவிட மொழிகளை ஆராய்ந்த மொழியியலாளர் எமனோ. அவர் 1935இல் இந்தியாவுக்கு வந்து மூன்றாண்டுகள் தங்கி, மேட்டுப்பாளையத்துக்கு மேலே உள்ள நீலகிரியில் தோடா, கோத்தா மொழிகளைப் பதிவு செய்தார். கோத்தா மொழிக் கதைகள் 1940களில் அச்சேறின. தோடா இலக்கணம் வெளிவந்ததோ 1984இல். களத்தில் மூன்று ஆண்டுகள் சேர்த்தது எழுத்தாக முடிய நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகலாம். இந்தத் துறைக்கு வருகிறவர்கள் இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டே வர வேண்டும்.

அடுத்தது, யார் வழியாக ஊருக்குள் போவது. ரைக்கார்டுக்கு அந்தக் குடும்பத்தை அறிமுகப்படுத்தியவர்கள் கனாடோவில் பல காலமாக வணிக நிலையம் நடத்திவந்த ஹப்பெல் குடும்பத்தார். நவஹோப் பெண்கள் நெய்த கம்பளங்களை விற்றதும் அவர்களிடம்தான். உங்களைக் கூட்டிக்கொண்டு போகிறவர் யாரோ, ஊர் உங்களை அவருடைய ஆளாகத்தான் பார்க்கும். நூல் கொடுத்துக் கூலிக்கு நெய்ய வைக்கும் முதலாளியோடு தறிவீட்டுக்குப் போனால், கூலியைப் பற்றி ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். வனத்துறை ஜீப்பில் போய் இறங்கினால் காட்டைப் பற்றி ஒரு சொல்லும் கிடைக்காது. சத்தியமங்கலம், பர்கூர் மலைகளில் இன்னொரு காரணமும் சேர்கிறது. வீரப்பனைத் தேடிய காலத்தில் அதிரடிப்படையின் விசாரணையில் அங்குள்ள மலைவாழ் மக்கள் பட்ட கொடுமைகளைத் தேசிய மனித உரிமை ஆணையம் அமைத்த சதாசிவா குழு விசாரித்திருக்கிறது. குறிப்பேட்டை விரித்து வைத்துக்கொண்டு பெயர், வயது, உறவினர் யார் யார் என்று அடுக்கடுக்காகக் கேட்கும் அந்நியர் அந்த வீடுகளில் எதை நினைவுபடுத்துவார் என்பதை யோசித்துவிட்டுப் போங்கள். ஆரம்பப் பள்ளி ஆசிரியர், கிராம செவிலியர், அந்த ஊரிலிருந்தே கல்லூரிக்கு வந்த மாணவர் போன்றவர்களே நல்ல துணை.

அனுமதிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். புலிகள் காப்பகப் பகுதி என்றால் வனத்துறையின் எழுத்து அனுமதி கட்டாயம். உங்கள் பல்கலைக்கழகத்தின் நெறிமுறைக் குழுவிடமும் ஒப்புதல் வாங்குங்கள். இவற்றுக்கு மேலாக ஊர்ப் பெரியவர்கள் கூடும் கூட்டத்தில் நீங்களே எழுந்து நின்று, என்ன செய்யப் போகிறீர்கள், முடிவில் அது எங்கே போய்ச் சேரும் என்பதைச் சொல்லி அனுமதி கேளுங்கள். நவஹோ மக்களின் தன்னாட்சிப் பகுதியான நவஹோ தேசத்தில் இன்று மனிதர்களை வைத்து எந்த ஆய்வு செய்வதானாலும் அவர்களே நடத்தும் மறுஆய்வுக் குழுவின் ஒப்புதல் வேண்டும். நம் ஊர்களில் அப்படி ஒரு குழு இல்லாதது நமக்குக் கிடைத்த சலுகை ஆகாது. பொறுப்பு முழுவதும் நம் தலையில் விழுகிறது என்றே பொருள்.

நவஹோ மக்கள் தம்மை அறிமுகம் செய்துகொள்ளும்போது தாயின் குலம், தந்தையின் குலம், தாயின் தந்தையின் குலம், தந்தையின் தந்தையின் குலம் என்று நான்கையும் சொல்வது மரபு. கொங்குநாட்டுத் திண்ணைகளிலும் “எந்தூருங்க, எந்தக் கூட்டமுங்க?” என்ற கேள்வி தண்ணீர்ச் சொம்போடு சேர்ந்தே வரும்; கூட்டம் என்றால் இங்கே குலம். உங்களிடம் கேட்டால் மறைக்காமல், ஊரையும் பெற்றோர் செய்யும் வேலையையும் சொல்லுங்கள். ஆனால் அதே கேள்வியை நீங்கள் திருப்பிக் கேட்காதீர்கள். அது சாதியைக் கேட்பதும் ஆகும். அந்தக் கேள்வியால் காலங்காலமாக வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களிடம் அதைக் கேட்டால், அதற்குப் பின் அந்த வீட்டில் உங்களுக்கு வேலை இருக்காது. உறவுமுறைகள், உடனிருந்து வேலை செய்யும்போது யார் யாரை அப்புச்சி என்கிறார்கள், யார் யாரை அம்மாயி என்கிறார்கள் என்று கேட்கக் கேட்கத் தாமாகவே தெரியவரும்.

இனி முக்கியமான கட்டத்துக்கு வருகிறேன். பவானியில் ஒரு குழித்தறி வீட்டில் கற்கச் சேர்ந்தீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாளே தறியில் உட்கார வைக்க மாட்டார்கள். ராட்டைக்கு முன்னால் உட்கார வைத்துத் தார், அதாவது குறுக்கு நூலை எடுத்துச் செல்லும் நாடாவுக்குள் வைக்கும் நூற்குழல், சுற்றச் சொல்வார்கள். அது வீட்டுப் பெரியவர்களும் பெண்களும் செய்யும் வேலை என்பதால் உங்களுக்குக் கிடைத்த இடம் மிக நல்ல இடம். தறிக்குழியில் இருப்பவர் அச்சை அடிக்கும் ஓசைக்கு நடுவே, “தாரு தீந்துபோச்சு, கொண்டா கண்ணு” என்று கேட்பார். நீங்கள் நீட்டிய தார் இறுக்கம் இல்லாமல் இருந்தால் பக்கத்தில் இருக்கும் ஆத்தா, “அம்மிணி, நூலைய விரல்ல இப்புடிப் புடிக்கோணும்” என்று உங்கள் கையைப் பிடித்தே திருத்துவார். அகலமான ஜமக்காளம் என்றால் இரண்டு பேர் அருகருகே உட்கார்ந்து ஒருவர் விட்ட நாடாவை மற்றவர் வாங்கி நெய்வார்கள். அவர்களுக்கு இடையே ஓடும் அரைச் சொற்களையும் முனகல்களையும் எந்தக் கேள்விப் பட்டியலாலும் வரவழைக்க முடியாது. வரி மாறும் இடத்தில் ஒரு சொல், இழை அறுந்தால் ஒரு சொல், பிழையைப் பிரித்து மறுபடி நெய்யும்போது ஒரு சொல் என்று மொழி அந்தந்த அசைவோடு ஒட்டிக்கொண்டே வருகிறது. நவஹோப் பெண்களும் விளக்கிச் சொல்லிக் கற்பிக்கவில்லை. செய்து காட்டினார்கள், ரைக்கார்ட் பார்த்துச் செய்தார். கற்பவர் என்ற நிலையில் உங்களைத் திருத்தவும் அதட்டவும் அவர்களுக்கு உரிமை உண்டு. ஆய்வாளரிடம் மரியாதையாகப் பேசுபவர்கள் கற்பவரிடம் இயல்பாகப் பேசுவார்கள். அந்த இயல்பான பேச்சைத் தேடித்தான் நாம் போகிறோம்.

வேலையோடு சேர்த்து மொழியைக் கற்பதற்கு நவஹோ மொழியே ஒரு காரணத்தைக் காட்டுகிறது. அம்மொழியில் ஒரு பொருளை எடுப்பது, கொடுப்பது, வைப்பது போன்றவற்றைச் சொல்லும் வினையடி அந்தப் பொருளின் தன்மைக்கு ஏற்ப மாறும். கெட்டியான உருண்டைப் பொருள், நீண்ட விறைப்பான குச்சி, துவளும் கயிறு, தட்டையான துணி, குழைந்த களி, உயிருள்ள ஒன்று ஆகிய ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு அடி உண்டு. “கொடு என்பதை எப்படிச் சொல்வீர்கள்?” என்று மேசையில் உட்கார்ந்து கேட்பவருக்குச் சரியான விடையே கிடைக்காது. இருளமோ சோளகமோ இதே போல இயங்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் எந்த மொழியிலும் பெயர்ச்சொற்களைத் தொகுப்பது எளிது, வினைகளைத் தொகுப்பதுதான் கடினம். உங்கள் குறிப்பேட்டின் இடப்பக்கத்தில் என்ன நடந்தது என்பதையும் வலப்பக்கத்தில் அப்போது என்ன சொல்லப்பட்டது என்பதையும் எழுதுங்கள். அன்றிரவே திருத்தி எழுதிவிடுங்கள்.

ஒலிப்பதிவில் அலட்சியம் கூடாது. கைபேசி மட்டும் போதாது. தனிப் பதிவுக்கருவியும் வெளியே பொருத்தும் மைக்கும் வேண்டும், சுருக்கப்படாத வேவ் கோப்பாகவே பதிய வேண்டும். ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடிக்கும் காற்று மைக்கில் இரைச்சலாக மட்டுமே பதியும். ரோம உறை மாட்டிச் சுவர் மறைவில் உட்காருங்கள். சோமனூர், பல்லடம் பக்கம் விசைத்தறி ஓடும் தெருவில் பேச்சைப் பதிய முயல வேண்டாம், மின்தடை நேரத்துக்குக் காத்திருங்கள். ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் நாள், இடம், பேசுபவரின் சம்மதம் ஆகியவை அவர் மொழியில், அவர் குரலிலேயே இருக்கட்டும்.

எழுத்துப்பெயர்ப்பில்தான் ரைக்கார்டைவிட நாம் கவனமாக இருக்க வேண்டும். நவஹோ மொழியில் தொனி பொருளை மாற்றும். மூக்கொலி உயிர்களும் குரல்வளை அடைப்பொலியும் உண்டு. ரைக்கார்டின் ஒலிக்குறியீடு ஒரே சீராக இல்லை என்று சபீரின் வழிவந்த மொழியியலாளர்கள் கடுமையாகக் குறைகூறினார்கள். பேச்சின் பொருளையும் சடங்கின் உள்ளோட்டத்தையும் அவரளவுக்கு அறிந்தவர்கள் அவர்களில் சிலரே என்றாலும், அந்தக் குறையில் நியாயம் இருந்தது. இருளத்தில் தமிழ் எழுத்தில் அடங்காத நடுவுயிர்கள் உள்ளன. ஆகவே புறப்படும் முன்பே பன்னாட்டு ஒலியெழுத்தில் நன்றாகப் பயிற்சி பெற்று, முதலில் அதில் எழுதிவிட்டு, பிறகு ஊரார் படிப்பதற்குத் தமிழ் எழுத்தில் ஒரு வடிவம் தயாரியுங்கள்.

கேட்கக் கூடாத காலமும் பதியக் கூடாத செய்தியும் உண்டு. நவஹோ மக்கள் கயோட்டி என்ற ஓநாய் போன்ற விலங்கின் கதைகளைக் குளிர்காலத்தில் மட்டுமே சொல்வார்கள். சிகிச்சைச் சடங்கில் வரையும் மணலோவியத்தைச் சடங்கு முடிந்ததும் அழித்துவிடுவார்கள். நம் ஊரிலும் நோன்பு சாட்டிய பின் பேசுவது, பேசாதது என்று இருக்கிறது. சாமி இறங்கிச் சொல்லும் வாக்கைப் பதிவது சில கோயில்களில் ஏற்கப்படும், சிலவற்றில் ஏற்கப்படாது. பூசாரி ஒருமுறை வேண்டாம் என்றால் மறுமுறை கேட்காதீர்கள். அவர் மனம் மாறினால் அவரே சொல்வார்.

வாங்கியதைத் திருப்பிக் கொடுப்பதற்கும் முன்மாதிரிகள் உண்டு. 1934 கோடையில் அமெரிக்கப் பழங்குடியினருக்கான அரசுத் துறையான இந்தியர் விவகாரத் துறைக்காக ரைக்கார்ட் ஒரு ஹோகனில், அதாவது நவஹோ வீட்டில், வளர்ந்தவர்களுக்கு அவர்கள் மொழியை அவர்களே எழுதக் கற்றுக்கொடுத்தார். உறைவிடப் பள்ளிகளில் நவஹோ பேசியதற்காகக் குழந்தைகள் தண்டிக்கப்பட்ட காலம் அது என்பதை நினைத்தால் அந்த ஹோகன் பள்ளியின் அருமை விளங்கும். அதே போல, ராபர்ட் யங் என்ற மொழியியலாளரும் வில்லியம் மார்கன் என்ற நவஹோ அறிஞரும் சேர்ந்து 1943இல் தொடங்கி வெளியிட்ட அகராதிகளிலும் இலக்கணங்களிலும் இருவர் பெயரும் ஆசிரியர் பெயர்களாக நிற்கின்றன. உங்களுக்கு ஆண்டுக்கணக்கில் சொல்லிக்கொடுத்தவரின் பெயரை, அவர் விரும்பினால், நன்றியுரையில் ஒதுக்காமல் அட்டையில் போடுங்கள். செலவிட்ட நேரத்துக்கு, அந்த ஊரில் ஒருநாள் கூலி எவ்வளவோ அதற்குக் குறையாமல் கொடுங்கள். தறியிலிருந்து எழுந்துவந்து பேசுகிறவருக்கு அன்றைய நெசவுக் கூலி போகிறது. பதிவுகளின் ஒரு பிரதியைப் பேசியவரின் வீட்டிலும், ஒன்றை ஊர்ப் பள்ளியிலும், பழங்குடி மொழி என்றால் இன்னொன்றை உதகையில் உள்ள பழங்குடியினர் ஆய்வு மையத்திலும் சேருங்கள். வீட்டுக்குக் கொடுக்கும் பிரதி குறுவட்டாக இருந்தால் பயன்படாது. கைபேசியில் கேட்கும்படி மெமரி கார்டில் போட்டு, யார் பேசியது எந்தக் கோப்பில் இருக்கிறது என்று தமிழில் எழுதிய தாள் ஒன்றையும் சேர்த்துக் கொடுங்கள்.