ஏடிஎச்டி உள்ள குழந்தைக்கு அறிதிறன் பயிற்சி: தொடங்கும் முன்பும் பின்பும் செய்ய வேண்டியவை

கணினியிலோ டேப்லெட்டிலோ விளையாட்டு வடிவில் தரப்படும் அறிதிறன் பயிற்சியை, அதாவது கவனம், நினைவு போன்ற மனத்திறன்களுக்கான பயிற்சியை, ஏடிஎச்டி (கவனக்குறைவு - மிகைச் செயல்பாட்டுக் குறைபாடு) உள்ள குழந்தைக்குத் தொடங்க நினைக்கும் பெற்றோர், அது எந்தத் திறனைக் குறிவைக்கிறது என்பதை முதலில் மருத்துவரிடம் கேட்க வேண்டும். பல பயிற்சிகளின் இலக்கு செயல்நினைவு, அதாவது கேட்டதைச் சற்று நேரம் மனத்தில் நிறுத்தி அதன்படி நடக்கும் திறன். திரையில் ஒளிர்ந்த கட்டங்களைக் குழந்தை அதே வரிசையில் தொட்டுக் காட்ட வேண்டும். சரியாகத் தொட்டால் கட்டங்கள் கூடும், தவறினால் குறையும்.

இதில் குழந்தைகள் தேறுவது உண்மைதான். ஆனால் 16 ஆய்வுகளைத் தொகுத்து 2015இல் வெளியான பகுப்பாய்வில், செயல்நினைவுச் சோதனைகளில் முன்னேற்றம் தெரிந்தாலும், குழந்தை பயிற்சி பெற்றதை அறியாதவர்கள் மதிப்பிட்டபோது ஏடிஎச்டி அறிகுறிகளில் காணப்பட்ட பலன் வெகுவாகச் சுருங்கியது. 2020இல் 8 முதல் 12 வயதுக் குழந்தைகளுக்கான எண்டெவர்ஆர்எக்ஸ் என்ற விளையாட்டுக்கு அனுமதி அளித்த அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகமும், மற்ற சிகிச்சைகளோடு சேர்த்தே அதைப் பயன்படுத்தச் சொன்னது. ஆகவே இதை நம்பி மருந்தையோ நடத்தைப் பயிற்சியையோ ஒருபோதும் நிறுத்தாதீர்கள். ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தையென்றால், குழந்தையின் நடத்தையைக் கையாளப் பெற்றோருக்குக் கற்றுத்தரும் நடத்தை மேலாண்மைப் பயிற்சியே முதலில் வர வேண்டும்.

தொடங்குவதற்கு முந்தைய இரண்டு வாரங்களில் ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். "கவனம் குறைவு" என்று பொதுவாக எழுதுவதில் பயனில்லை. "பையை எடு, பாட்டிலை உள்ளே வை, காலணியைப் போடு" என்று ஒரே மூச்சில் சொன்னபோது குழந்தை அவற்றில் எத்தனையைச் செய்தது, வீட்டுப்பாடத்தின் நடுவே எத்தனை முறை எழுந்தது என்பது போல எண்ணக்கூடியவற்றையே எழுதுங்கள். வகுப்பாசிரியரிடமும் இப்படி ஒரு குறிப்பைக் கேளுங்கள். பயிற்சியைப் பற்றி அவரிடம் அப்போது சொல்லாமலிருப்பது நல்லது, ஏனெனில் எதிர்பார்ப்பு கண்ணை மாற்றிவிடும்.

செயல்நினைவுப் பயிற்சிகள் பெரும்பாலும் வாரத்துக்கு 5 நாள், நாளுக்கு 30 முதல் 45 நிமிடம், 5 வாரம் என்ற அளவில் அமைகின்றன. களைத்திராத நேரத்தில், தொலைக்காட்சி ஓடாத அறையில், பெரியவர் ஒருவர் அருகிலிருக்க நடத்துங்கள். மதிப்பெண் சரியும் நாள்கள் நிச்சயம் வரும். அன்று கடிந்துகொண்டால் பயிற்சியே தண்டனையாகிவிடும். தூக்கத்தையும் ஓடியாடும் நேரத்தையும் இதற்காகக் குறைக்க வேண்டாம்.

பயிற்சி முடிந்ததும், சில மாதங்கள் கழித்து மீண்டும் ஒருமுறையும், அதே குறிப்புகளை எடுத்து ஒப்பிடுங்கள். விளையாட்டின் நிலைகள் மட்டும் உயர்ந்து, காலையில் பள்ளிக்குக் கிளம்புவதில் மாற்றமே இல்லையென்றால், குறிப்பேட்டை மருத்துவரிடம் காட்டி, அந்த நேரத்தையும் பணத்தையும் வேறு எந்தச் சிகிச்சைக்குத் திருப்பலாம் என்று கலந்து பேசுங்கள்.